எட்டுப் பேரைப் பொதுநிறமாக்கிய கதை

மார்வா அந்தப் பெரிய படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு தள்ளிப் பிடித்தாள். பிறகு ஸ்ரூடியோவின் வாசல் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோய், வெளியே கிடந்த பனியின் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் கதிரையில் இருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நம்பினேன். சொன்னால், "பரவாயில்லை, உங்களுக்காக ரெண்டு நாள் கூட மினக்கெட்டனான், அவ்வளவுதான்" என்று பெருந்தன்மையாகப் பதில் சொல்வதற்கு வசனமும் தயாராக இருந்தது.

"ரஞ்சி அக்கா," என்றாள். "இது ஆர்?"

"நீங்கள் எடுத்த ஆள்தானே. அந்த பஸ் ஓடுற அங்கிள்."

"இல்லை," என்றாள் மார்வா. "இவரை நான் ஒரு நாளும் காணேல்லை."

மேசையில் இன்னும் ஏழு படங்கள் கிடந்தன. அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு டவுன்டவுனில் அவளுடைய கண்காட்சி. என் சிரிப்பு எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

ஓம், மார்வா தமிழில்தான் கேட்டாள். அவள் தமிழ்ப் பெண் இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்ல வேண்டும். போன கிழமை இந்தப் பத்தியில் பனியில் சறுக்கி விழுந்த கதையை எழுதும்போது "ஸ்ரூடியோவுக்குப் போகிற வழியில்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். நான் சினிமாவில் இருக்கிறேனா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் மச்சாள் ஒருத்தி, "எங்களுக்குச் சொல்லேல்லையே" என்று கோபித்துக்கொண்டாள்.

நிறம் என்றால் என்ன நிறம்

கனடாவில், அஜின்கோர்ட் என்ற இடத்தில், ஓர் இறைச்சிக் கடைக்கும் வருமான வரி நிரப்பிக் கொடுப்பவருக்கும் நடுவில் இருக்கிற கலியாணப் பட ஸ்ரூடியோ எங்களுடையது. எங்களுடையது என்று வாய்தான் சொல்கிறது, உரிமையாளர் குணம் அண்ணை. அவர் படம் எடுப்பார். நான் ரச்சப். அதாவது எடுத்த முகத்தை, வீட்டுக்காரர் விரும்புகிற முகமாக மாற்றிக் கொடுக்கிற வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே தொங்கும் இரண்டாவது நாடி எல்லாம் என் மவுஸுக்குக் கீழேதான் மறைந்தன. தாலி கட்டுகிற நேரத்தில் கொட்டாவி விட்ட ஒரு மாமாவின் வாயைக்கூட மூடிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற தாய்மார் எல்லோரும் முதலில், "தங்கச்சி, நச்சுரலா இருக்கட்டும், ஒண்டும் செய்யாதேங்கோ" என்பார்கள். தொடக்கத்தில் நான் அதை நம்பினேன். ஒன்றும் செய்யாமல் ஓர் அல்பத்தைக் கொடுத்தேன். அந்த அம்மா திறந்து பார்த்துவிட்டு, "என்ர பிள்ளையை என்ன செய்தனீங்கள்?" என்று கடையிலேயே அழுதுவிட்டார். அன்றிலிருந்து "ஒண்டும் செய்யாதேங்கோ" என்றால், "கொஞ்சம் வெள்ளையாக்குங்கோ, ஆனால் நான் சொன்னதாக இருக்கக்கூடாது" என்று விளங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

எங்கள் பேச்சும் இதற்கு ஒத்தாசை. "நல்ல நிறமான பிள்ளை" என்றால் வெள்ளைப் பிள்ளை. மற்றவர்களுக்கெல்லாம் நிறமே இல்லைப்போல. அதற்கு அடுத்த படி, பொதுநிறம். கலியாண விளம்பரத்தில் கறுப்பு என்று எழுதக் கை கூசுகிற இடத்தில் எல்லாம் பொதுநிறம் என்று போடுவோம். அது எப்படி இருக்கும் என்று ஒருவரும் கண்டதில்லை. எங்கள் கொம்பியூற்றரில் மட்டும் அது ஒரு பட்டனாக இருந்தது. குணம் அண்ணை கேட்டு நான் செய்து வைத்தது. ஒரு தட்டுத் தட்டினால் முகம் மூன்று படி ஏறும். பட்டனுக்குப் பெயர் "பொது".

இதில் பகிடி என்னவென்றால், நானே கறுப்பி. எங்கள் வீட்டில் எனக்குப் பெயரே அதுதான். கறுப்பி தண்ணி கொண்டு வா, கறுப்பி கதவைப் பூட்டு. பள்ளிக்கூடத்தில் ரஞ்சினி என்று கூப்பிட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசல் பதில் சொன்னது

மார்வா முதன்முதலாக என் கண்ணில் பட்ட நாள் எனக்கு நல்ல ஞாபகம். ஏனென்றால் அன்று குணம் அண்ணை நிலத்துக்குள் போகப் பார்த்தார்.

எங்களிடம் பெரிய பிறின்ரர் ஒன்று உண்டு. மாப்பிள்ளை பொம்பிளையை ஆளுயரத்துக்கு அடித்து மண்டப வாசலில் நிறுத்துவதற்காக வாங்கியது. நான் இல்லாத ஒரு நாள், ஒரு பெண் வந்து அதைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் அண்ணை வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

"என்ன பிள்ளை, அந்தக் கறுவல் பிள்ளை வாறன் எண்டது. வந்ததோ?"

கறுவல் என்பது கறுப்பின மக்களை எங்கள் ஆட்கள் சொல்லுகிற சொல். சொல்லுகிறவர்கள் அதில் ஒரு பிழையும் இல்லை என்பார்கள். கேட்கிறவர்களைக் கேட்டதில்லை.

"ஓம் அண்ணை, வந்திட்டன்," என்றது வாசல்.

குணம் அண்ணை திரும்பவில்லை. அப்படியே சுவரில் இருந்த கலண்டரில் எதையோ தேடத் தொடங்கினார்.

மார்வாவின் தாய் தகப்பன் ஜமேக்காவில் இருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது மல்வேர்னில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு ரவுன்ஹவுஸ் வரிசையில். இடப்பக்க வீடும் தமிழ், வலப்பக்க வீடும் தமிழ். தாய் வேலையால் வரும்வரைக்கும் வலப்பக்கத்து அன்ரி வீட்டில்தான் இருப்பாள். அங்கே புட்டையும் மீன் குழம்பையும் தமிழையும் சேர்த்து விழுங்கினாள். பெரிய விஷயம் பேச வேண்டி வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அதை நான் இங்கே தமிழாக்கித் தருகிறேன். என் ஆங்கிலத்தையும் தமிழாக்கித்தான் தருகிறேன், அது வாசகர்களின் நன்மைக்காக.

"சின்னனில கறுவல் எண்டா என்ர தமிழ்ப் பெயர் எண்டு நினைச்சனான்," என்றாள். "ஆராவது கறுவல் எண்டா, ஓம் எண்டு ஓடிப் போவன். பிறகுதான் விளங்கினது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. குணம் அண்ணை அவளுக்கு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். பிறகு இன்னொரு பிளேன்ரீ. பிறகு மிக்சர். பிறகு தன் மதியச் சாப்பாட்டில் பாதி.

அவளும் படம் எடுக்கிறவள்தான், ஆனால் எங்களைப்போல இல்லை. முதலில் அவளுக்கு ஒரு யோசனை வரும். அந்த யோசனையை மாதக்கணக்காகக் கொண்டு திரிவாள். பிறகுதான் ஆளைத் தேடுவாள், கடைசியாகத்தான் கமராவை எடுப்பாள். கறுப்பினத்து ஆட்களாகிய தாங்கள் யார், எப்போது தாங்களாக இருக்கிறார்கள் என்பதுதான் அவள் வேலை முழுவதும். இந்தக் கண்காட்சிக்கு "விடுதலை" என்று பெயர் வைத்திருந்தாள்.

விடுதலை என்று கேட்டதும் குணம் அண்ணை எச்சரிக்கையானார். எங்கள் ஆட்களுக்கு விடுதலை என்றால் மண்டபம், மேடை, குத்துவிளக்கு, நான்கு மணி என்று போட்டு ஆறு மணிக்குத் தொடங்கும் பேச்சு.

"ஆர் பேசுறது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் பேசேல்லை அண்ணை. எட்டுப் பேர் சும்மா இருப்பினம்."

"சும்மாவோ?"

"சும்மா."

"அப்ப நானும் வாறன்," என்றார் குணம் அண்ணை.

மார்வா ஒரு பென்ட்ரைவும், தானே வாங்கிய மினுங்காத தாள் ஒரு சுருளும், ஒரு துண்டுக் கடிதமும் தந்துவிட்டுப் போனாள். கடிதத்தில் ஒரே வரி. "உள்ளது உள்ளபடி, ஒன்றும் செய்யாமல் அடிக்கவும்."

வாசித்தேன். எத்தனை தாய்மாரிடம் கேட்ட வசனம்!

பாவம், பிள்ளைக்கு லைற் தெரியாது

முதல் படத்தைத் திறந்தேன். கறுப்பு. ஸ்கிரீன் நின்றுவிட்டது என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். வயரைக் கழற்றிப் பூட்டினேன். சால்வையால் கண்ணாடியைத் துடைத்தேன். இரண்டாவது படம். அதுவும் கறுப்பு. மூன்றாவதிலும் கறுப்புத்தான், ஆனால் உற்றுப் பார்த்தால் ஓர் ஓரத்தில் காது மாதிரி ஏதோ இருந்தது.

எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. பாவம், பிள்ளைக்கு லைற் பிடிக்கத் தெரியாது. கண்காட்சி வரைக்கும் போய்விட்டாள், ஒரு சிநேகிதப் பிள்ளைகூட எடுத்துச் சொல்லவில்லையே என்று முன்பின் தெரியாத அந்தச் சிநேகிதப் பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. போகட்டும், ரஞ்சி இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு "பொது" பட்டனைத் தட்டினேன். ஒன்று போதவில்லை. நான்கு தரம் தட்டினேன்.

குளத்துக்குள் இருந்து எழும்புவது போல ஆட்கள் மேலே வந்தார்கள். யார் யார் என்று ஒவ்வொரு படத்துக்கும் மார்வா பெயர் போட்டு வைத்திருந்தாள். முழங்காலில் கை வைத்தபடி பஸ் ஓடுகிற அங்கிள். ஒரே சோபாவில், ஆளுக்கொரு படமாகச் சாய்ந்திருக்கும், தலைமயிர் பின்னும் தொழில் செய்கிற சகோதரிகள் இருவர். நெஞ்சில் குழந்தை நித்திரையாக இருக்க, தானும் கண்ணை மூடிக்கொண்ட ஒரு தகப்பன். தேவாலயத்துப் பாஸ்ரர் ஒருவர். அவர்களோடு சேர்ந்து வரக்கூடாதவையும் வந்தன. அயன் பண்ணுகிற பலகை, வரிசையாகப் பனிச் சப்பாத்துகள், ஒரு பூனை. மூன்றாவது படத்தின் மூலையில், பின்னால் விரித்த கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். இரண்டு கையும் துணியில், வாயில் ஒரு டோனட்.

அந்த டோனட்காரனை அழிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

அதோடு விட்டேனா? கை சும்மா இருக்காதே. பஸ் அங்கிளின் நெற்றித் தழும்பை எடுத்தேன். இளைய சகோதரிக்கு உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வைத்தேன். பாஸ்ரருக்கு முன்பக்கம் கொஞ்சம் மயிர் நட்டேன். இரண்டு நாள். அடித்து எடுத்துச் சுவரில் சாத்தியதும் குணம் அண்ணை வந்து பார்த்து, "கை எண்டால் உதுதான் பிள்ளை கை," என்றார். எட்டுப் பேரும் நல்ல பொதுநிறமாக, வசதியானவர்கள் குடியேறுகிற பிறம்ரனில் புது வீடு பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரிச் சுவரில் இருந்தார்கள்.

ஆர் பாவம்?

இப்போது வியாழக்கிழமைக்குத் திரும்புவோம். மார்வா படத்தோடு நிற்கிறாள், நான் சிரிப்போடு இருக்கிறேன். உள்ளே இருந்து வந்த குணம் அண்ணை நிலைமையைப் பார்த்தார். அவளுக்குத் தமிழ் விளங்கும் என்பதை அவர் வழக்கம்போல மறந்திருந்தார்.

"பிள்ளை, மிஷின் பிழை எண்டு சொல்லு," என்றார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணை," என்றாள் மார்வா.

அண்ணை மறுபடியும் கலண்டரிடம் போனார்.

"நான்தான் செய்தனான்," என்றேன். "இருட்டாக் கிடந்தது. பாவம் எண்டு நினைச்சுச் செய்தனான்."

"ஆர் பாவம்?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பொம்பிளைமார் இருந்து படம் எடுக்கிற சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, மேலே பிளாஸ்ரிக் ரோசாப்பூ வளைவோடு. மார்வா போய் அதில் தொப்பென்று இருந்துவிட்டாள். அந்த ரோசாப்பூக்களுக்குக் கீழே இருந்துதான் விடுதலை என்றால் என்ன என்று எனக்குச் சொன்னாள்.

"எங்கட ஆக்களுக்கு எல்லாரும் லைற் அடிக்கினம் அக்கா. பொலிஸ் காரை நிப்பாட்டினா முகத்துக்கு லைற். கடைக்குள்ள போனா மேலயிருந்து கமரா. படம் எடுக்க வாறவையும் லைற்றோடதான் வருவினம், அழு, சிரி, கோபமா நில் எண்டு. இந்த எட்டுப் பேரிட்டயும் நான் கேட்டது ஒண்டுதான். உங்கட வீட்டில, உங்கட இருட்டில, உங்களுக்கு விருப்பமான மாதிரிச் சும்மா இருங்கோ. பாக்க வாறவை நிண்டு, கண் பழகும் மட்டும் காத்து நிண்டு பாக்கட்டும். ஒருக்கா எண்டாலும் அவையள் எங்களிட்ட வரட்டும்."

கையில் இருந்த படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"சனிக்கிழமை எட்டுப் பேரும் வருவினம். வெளிக்கிட்டு, குடும்பத்தோட வருவினம். நான் தந்த வாக்கை நம்பித்தான் இருந்தவை. உதைக் கண்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

நான் செய்த வேலையின் அளவு அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எல்லாம் ஒரு பட்டன் செய்த வேலை என்று உளறினேன், என்ன பட்டன் அது என்று கேட்டாள். பொதுநிறம் என்பதை ஆங்கிலத்தில் விளக்கப் போய், "ஜெனரல் கலர்" என்றேன்.

"எந்த ஜெனரல்? ஆமியோ?"

விளக்க விளக்க இன்னும் கேவலமாகிக்கொண்டு போனது. தப்பிக்க வழி தேடி, "நானும் கறுப்புத்தானே மார்வா. எனக்கும் தெரியுந்தானே," என்றேன்.

"இல்லை அக்கா. நீங்கள் கறுப்பி. நான் பிளாக்." நிதானமாகத்தான் சொன்னாள். "எங்கட ரவுன்ஹவுஸ் மாதிரி. நடுவில ஒரு சுவர் இருக்கு. சுவருக்கால சத்தம் கேக்கும். ஆனா உங்கட வீடு வேற, எங்கட வீடு வேற."

அது சரி என்று எனக்குப் பட்டது. என்னைக் கறுப்பி என்று கேலி செய்தவர்கள் உண்டு. என்னை ஒரு பொலிஸ்காரனும் நிறுத்தி லைற் அடித்ததில்லை.

"உங்கட முகத்தையும் ஆரும் இப்பிடிச் செய்தவையோ?" என்று கேட்டாள் பிறகு.

பூச்செண்டு வேறு பக்கம் ஓடியது

செய்தார்கள். யாழ்ப்பாணத்தில், கனடா மாப்பிள்ளைக்கு அனுப்புவதற்கென்று ஒரு ஸ்ரூடியோவில் என்னை எடுத்தார்கள். அங்கேயும் ஒரு ரஞ்சி இருந்திருக்க வேண்டும். படம் வந்தபோது நான் ரோஸ் நிறத்தில் இருந்தேன். மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோசம், எனக்கும் சந்தோசம்தான். பொய் சொல்லக்கூடாது.

விமான நிலையத்தில் கதவு திறந்தது. என் கணவர் சிவா பூச்செண்டோடு நின்றார். நான் அவரைக் கண்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னைத் தாண்டி ஓடினார். எனக்குப் பின்னால் ஒரு பஞ்சாபிப் பெண், பளீரென்ற நிறம், சூட்கேசைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிவா அவளிடம் பூச்செண்டை நீட்டி, "பயணம் எல்லாம் சுகமோ?" என்று தமிழில் கேட்டார். அவள் வாங்கியும் விட்டாள்.

"சிவா, நான் இஞ்சை," என்று பின்னால் இருந்து நான்தான் கூப்பிட்டேன். பூச்செண்டைத் திருப்பி வாங்க இவருக்குக் கூச்சம். அவள் கொண்டுபோய்விட்டாள்.

இந்தக் கதையை நான் எல்லா விருந்திலும் சொல்லிச் சிரிக்க வைப்பேன். சிவாவும் சிரிப்பார். அன்றைக்கு அந்த ஓர் அரை நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை. என்னைத் தாண்டிப் போனாரே, அந்த அரை நிமிடம் நான் அங்கே இல்லை. மார்வாவுக்கு அதைச் சொன்னேன்.

அவள் சிம்மாசனத்தில் இருந்து எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள். உண்மை சொல்லத் தொடங்கியது தொடங்கியதுதான் என்று மிச்சத்தையும் ஒப்புக்கொண்டேன். தழும்பு, சிரிப்பு, பாஸ்ரரின் மயிர். "மூண்டாவது படத்தில டோனட் சாப்பிட்ட ஒருத்தரையும் அழிச்சிட்டன்."

"டோனட்டோ?" மார்வா நிமிர்ந்தாள். "டெஸ்மண்ட்! அசையாமல் துணியைப் பிடி எண்டெல்லோ சொன்னனான்! ஒரு மணித்தியாலம் கை நோகுது கை நோகுது எண்டவன்!"

சிரிக்கத் தொடங்கினாள். கண்ணால் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். தன் மச்சானாம். நானும் சிரித்தேன். கலண்டரும் சிரித்தது.

கைக்கு மேல இருங்கோ

எட்டையும் திருப்பி அடிக்க வேண்டும், சுருளில் இன்னும் எட்டுப் படத்துக்குத்தான் தாள் இருந்தது. ஒன்று பிழைத்தால் சனிக்கிழமை ஏழு பேர்தான்.

கறுப்பைக் கறுப்பாக அடிப்பது இலகு என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஓர் இழை கூடினால் முகம் வெளியே துள்ளிவிடும். ஓர் இழை குறைந்தால் ஆளே இல்லை, வெறும் தாள். சுருளின் ஓரத்தில் விரலளவு கீற்றுகள் வெட்டி வெட்டி அடித்துப் பார்த்தோம். வெள்ளி காலை மார்வா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தாள். பிரச்சினை என் வலக்கை. படம் வந்த உடனே அது தன்பாட்டில் "பொது" பட்டனுக்குப் போனது. பட்டனை அழித்தேன். பட்டன் இருந்த இடத்துக்குப் போனது.

"அக்கா, கைக்கு மேல இருங்கோ," என்றாள்.

இருந்தேன். வலக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்து, இடக்கையால் மவுஸைப் பிடித்து எட்டுப் படமும் செய்தேன். இறைச்சி வாங்க வந்து கதவு மாறி உள்ளே வந்த ஒருவர், எனக்கு வாதம் வந்துவிட்டதா என்று குணம் அண்ணையிடம் இரகசியமாகக் கேட்டார்.

ஆனால் அன்றுதான் பார்த்தேன். எத்தனையோ வருடமாக முகங்களோடு வேலை செய்கிறவள், முதல் தடவையாகப் பார்த்தேன். பஸ் அங்கிளின் கன்னத்துக்குள் ஒரு சிவப்பு இருந்தது. மூத்த சகோதரியின் தோளில் நீலம். தகப்பனும் குழந்தையும் ஒரே நிறம் என்று நினைத்திருந்தேன், இல்லை, குழந்தை இன்னும் இளஞ்சூடான மண்ணிறம். இதற்கெல்லாம் சேர்த்து நாங்கள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லவும் கூசினோம். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

ஐந்தாவது படத்தோடு கறுப்பு மை முடிந்தது. மினுங்காத தாளுக்கு வேறு வகைக் கறுப்பு மை வேண்டும். எங்கள் கடையில் மஞ்சளும் ரோசும் பெட்டி பெட்டியாக இருக்கும். அந்தக் கறுப்பு, பிறின்ரர் வாங்கியபோது கூட வந்த ஒன்றுதான், இவ்வளவு நாளும் முடியாமல் கிடந்தது. கம்பனியில் கேட்டால் செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள்.

"பாலாட்ட இருக்கும்," என்றேன்.

குணம் அண்ணையின் முகம் மாறியது. பிறம்ரன் பாலாவும் படக்காரர்தான். இரண்டு பேருக்கும் வருடக்கணக்காகப் பேச்சில்லை. ஒரு கலியாணத்தில் பொம்பிளை வீடு இவரைப் பிடித்தது, மாப்பிள்ளை வீடு அவரைப் பிடித்தது. தாலி கட்டுகிற நேரம் இவர் அவருக்கு முன்னால் பாய்ந்தார், அவர் இவருக்கு முன்னால் பாய்ந்தார். அந்தத் தாலி கட்டுக்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி, இவர் படத்தில் பாலாவின் முதுகும், பாலாவின் படத்தில் இவருடைய முதுகும்தான்.

அண்ணை மேசையில் கிடந்த ஐந்து படங்களையும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, அவர் நின்று பார்க்கிற ஆள் இல்லை. மார்வாவைப் பார்த்தார். "உந்த எட்டுப் பேரும் கட்டாயம் வருவினமோ?" என்றார்.

"வருவினம் அண்ணை."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். மூன்று மணித்தியாலம் கழித்து மையோடு வந்தார். பாலா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கறுப்போ எண்டான். பெட்டி உடைக்காமல் கிடக்குது, கொண்டு போ எண்டான்." கோட்டைக் கழற்றிக்கொண்டே, "தேத்தண்ணி தந்தவன்," என்றார்.

சனிக்கிழமை நான்கு மணி

கண்காட்சி மண்டபத்துக்குள் வெளிச்சத்தை மிகவும் குறைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவரில் எட்டுக் கறுப்புச் சதுரங்கள். சிவா உள்ளே வந்ததும், "கரண்ட் போயிட்டுதோ?" என்று கேட்டார். நான் அவரை ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்தி, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் வந்தவர்களில் பலர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வைன் மேசைக்குப் போனார்கள். மார்வா ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நகத்தைக் கடித்தாள். மிகவும் இருட்டாக அடித்துவிட்டேனோ? ஓர் இழை ஏற்றியிருக்கலாமோ? வலக்கை துருதுருத்தது.

பிறகு அந்த எட்டுப் பேர் வந்தார்கள், குடும்பம் குடும்பமாக. பஸ் அங்கிள் நல்ல நீலக் கோட்டுப் போட்டிருந்தார். நேராகத் தன் படத்துக்குப் போனார், ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, "ஆ, அது நான்," என்றார். சகோதரிகள் தங்களைக் கண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கண் பழகத் தேவைப்படவில்லை. அவர்கள் எதையோ பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, வைன் மேசைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள்.

மார்வா என் கையைப் பிடித்தாள். வலக்கையை.

குணம் அண்ணை பிந்தித்தான் வந்தார். பனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் அங்கிளின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். இந்தப் பக்கம் சரிந்து பார்த்தார். அந்தப் பக்கம் சரிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். திடீரென்று ஓர் அடி பின்னால் வைத்தார்.

"ரஞ்சி," என்று மெதுவாகக் கூப்பிட்டார். நான் கிட்டப் போனேன்.

"உந்த மனிசன் என்னைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்."

"ஓம் அண்ணை."

"எப்ப தொட்டு?"

"நீங்கள் வந்து நிண்ட நேரம் தொட்டு."

குணம் அண்ணை அவசர அவசரமாகத் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார்.

"சொறி சேர்," என்றார் படத்தைப் பார்த்து. "நான் கவனிக்கேல்லை."